கல்வெட்டு வைக்க முடியாத செலவுகள்



அழைப்பிதழில் என் பெயருக்குப் பின்னால் ஏதேதோ எழுத்துகளைப் போட்டிருக்கிறார்கள். சுருக்கமாகச் சொன்னால் நான் ஓர் ஓ.டி., அதாவது ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். ‘செயல்முறை சிகிச்சையாளர்’ என்று தமிழில் பலகை எழுதி மாட்டினார்கள். தாய்மார் வாயில் அது ‘ஓட்டி டீச்சர்’ ஆகி, முப்பது வருஷமாக அதுவே நிலைத்துவிட்டது. சோற்றை அள்ளி வாய்க்குக் கொண்டுபோவது, சட்டைப் பொத்தானை மாட்டுவது, பென்சிலைப் பிடிப்பது, கழிப்பறைக்குப் போய்வருவது: என் பாடத்திட்டம் இவ்வளவுதான். ஆகவே இன்றைய பேச்சிலும் தண்ணீர்க் குழாயும் தாழ்ப்பாளும் மெத்தையும்தான் அதிகம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான மறுவாழ்வு மையங்களில் வசதிகளை மேம்படுத்துதல்’ என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. அதில் ‘வசதி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறேன். ‘வசதியான வீட்டுப் பெண்’ என்றால் நம் ஊரில் என்ன பொருள்? பணக்கார வீட்டுப் பெண். மையத்துக்கு வசதி செய்து தருகிறோம் என்று வருகிறவர்கள் மனத்திலும் இந்தப் பொருள்தான் முதலில் வந்து நிற்கிறது. கிரானைட் தரை, கண்ணாடிக் கதவு, ஏ.சி., முகப்பில் நீரூற்று. நீரூற்று என்று நான் கற்பனையாகச் சொல்லவில்லை, பார்த்திருக்கிறேன். அதே கட்டடத்தில் குழந்தைகள் கைகழுவும் குழாய் நாலடி உயரத்தில் இருந்தது. அங்கே படித்த பிள்ளைகளில் பாதிப்பேருக்கு அந்த உயரத்துக்குத் தலையே எட்டாது.

டியூப்லைட்டில் வெளிச்சம் வராத அளவுக்கு உபயதாரர் பெயரை எழுதுவதைக் கிண்டல் செய்து நாம் எல்லோரும் சிரித்திருக்கிறோம். நான் அந்தக் கிண்டலில் சேரமாட்டேன். பெயர் எழுதிக்கொள்ளும் ஆசை இல்லையென்றால் நம் நாட்டில் எத்தனையோ மையங்கள் எழும்பியே இருக்காது. என் கவலையெல்லாம் எதன்மேல் பெயர் எழுத முடிகிறது என்பதில்தான். சுவரில் எழுதலாம், வேனின் முதுகில் எழுதலாம். ஆயாவின் சம்பளத்தில் எங்கே எழுதுவது? நைந்துபோன மெத்தை உறையை மாற்றித் தைத்ததற்கு, தேய்ந்த கைத்தடியின் ரப்பர் குப்பியை மாற்றியதற்கு, வேனுக்குப் போட்ட டீசலுக்கு எப்படிக் கல்வெட்டு வைப்பது? வைக்க முடியாது. அதனால் அந்தச் செலவுக்கு ஆள் கிடைப்பதில்லை. ஒரு மையம் நன்றாக நடக்கிறதா என்பதோ அந்தச் செலவுகளில்தான் இருக்கிறது. நான் இன்று சொல்ல வந்தது இதைத்தான்.

இதில் நம் முன்னோர் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். சோழர் காலத்தில் கோயிலுக்கு ஒரு நந்தா விளக்கு வைக்கிறவர், விளக்கோடு 90 ஆடு அல்லது 96 ஆடு விட்டுவிட்டுப் போவார். ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்வெட்டு அதைச் சொல்கிறது. கிழடு செத்தால் குட்டி அந்த இடத்துக்கு வரும். மந்தையின் கணக்கு குறையாது, விளக்குக்கு நெய் நிற்காது. காஞ்சிபுரம் பக்கத்தில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலுக்குப் போனால், அங்கே பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்து எழுத்து இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டு. 15 படுக்கை கொண்ட ஓர் ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை, அதில் வருகிறது. மருத்துவருக்கு என்ன, அறுவை செய்கிறவருக்கு என்ன, மூலிகை கொண்டுவருகிறவர்களுக்கு என்ன, நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு என்ன, நாவிதருக்கு என்ன என்று கூலியைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். கல்வெட்டு என்றால் இன்று நமக்குத் திறப்புவிழாப் பலகை. அன்று அதில் சம்பளப் பட்டியலும் இருந்தது.

மையங்களுக்கு வருகிறேன்.

நம் நாட்டுப் பழைய மையங்கள் பலவும் போலியோவுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைகள். போலியோ வந்த பிள்ளைக்குக் கால் சூம்பியிருக்கும், புத்தியில் எந்தக் குறையும் இருக்காது. கை பெரும்பாலும் இரும்பாக இருக்கும். காலில் கேலிப்பர் என்ற இரும்புச் சட்டம் மாட்டி, கட்டை ஊன்றி, மாடிப்படியைக்கூட ஏறிவிடும். அந்தப் பிள்ளைக்கு வேண்டியது நீண்ட தாழ்வாரம், நடைபழக இணைகம்பி, எதிரே ஆளுயரக் கண்ணாடி, கேலிப்பர் பட்டறை, பக்கத்திலேயே பள்ளிக்கூடமும் விடுதியும். அப்படித்தான் கட்டினார்கள், சரியாகவே கட்டினார்கள். பிறகு போலியோ போய்விட்டது. இயற்கைப் போலியோ வைரஸால் பாதிக்கப்பட்ட இந்தியாவின் கடைசி நோயாளி என்று பதிவானது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்து ஹவுரா மாவட்டத்தில் ஒரு சிறு பெண். 2014 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது.

இன்று மைய வாசலில் வந்து இறங்குவது வேறு பிள்ளை. மாதம் நிறையாமல் பிறந்து, கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றிய பிள்ளை. மூளை முடக்குவாதத்தால் உடம்பு விறைத்தோ துவண்டோ இருக்கும் பிள்ளை. அதோடு பார்வைக் குறைவு, வலிப்பு என்று இரண்டு மூன்று சிக்கல் சேர்ந்தது. ஓடியாடும், ஆனால் நம் முகத்தைப் பார்க்காத ஆட்டிசப் பிள்ளை. தசைச் சிதைவால் வருஷா வருஷம் பலம் குறைந்துகொண்டே போகும் பையன். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் கணக்கில் எடுத்திருக்கிறது. அதற்கு முன் 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தவை ஏழு. உடம்பு மாறிவிட்டது, சட்டை அதே சட்டை. அந்த நீண்ட கூடத்தில் இணைகம்பி துருப்பிடித்து நிற்கிறது. அதற்குப் பக்கத்தில் பாய் விரித்து, எழுந்து உட்காரவே முடியாத பிள்ளையைப் படுக்க வைத்திருக்கிறோம்.

உட்காருவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் தொழிலின் பாதி அதுதான்.

தயவுசெய்து எல்லோரும் ஒன்று செய்யுங்கள். நாற்காலியில் ஒரு பக்கமாகச் சரிந்துகொள்ளுங்கள். பாதம் இரண்டையும் தரையிலிருந்து தூக்கிவிடுங்கள். அப்படியே இருந்துகொண்டு, பக்கத்தில் உள்ள தண்ணீர் பாட்டிலை எடுத்துத் திறந்து குடித்துப் பாருங்கள். ஒரு கை உங்களை அறியாமல் நாற்காலியைப் பிடித்துக்கொள்ளும். கழுத்து விறைக்கும். நிம்மதியாக விழுங்க முடியாது. ஒரு நிமிஷம் போதும், சரியாக உட்கார்ந்துகொள்ளுங்கள். நம் பிள்ளைகள் நாளெல்லாம் இப்படி உட்கார்ந்துகொண்டுதான் ‘ஆ’ எழுதுகிறார்கள், சாப்பிடுகிறார்கள். இடுப்பு உட்கார்ந்தால்தான் கை எழும். இடுப்பு நேராக, தொடை முழுதும் பலகையில் தாங்கி, முழங்காலுக்குப் பின்னால் இரண்டு விரல் இடைவெளி விட்டு, பாதம் ஒரு கட்டையில் பதிந்திருந்தால் அதே பிள்ளையின் கை மேசைக்கு வரும். தலை நிமிரும். தலை பின்னால் சாய்ந்த நிலையில் ஊட்டினால் கஞ்சி நுரையீரல் பக்கம் இறங்கும். திரும்பத் திரும்ப நெஞ்சுச் சளி, காய்ச்சல், ஆஸ்பத்திரி. பல பிள்ளைகளை நாங்கள் இழந்தது அப்படித்தான். மூளைக் குறைபாடு கொண்டுபோனது என்று ஊர் சொல்லும். சில வீடுகளில் கொண்டுபோனது நாற்காலி.

நான் பார்த்துவந்த ஒரு பையன், ஏழு வயது. ஒரு முகாமில் அவனுக்குச் சக்கர நாற்காலி கொடுத்தார்கள், பெரியவர்கள் உட்காரும் பதினெட்டு அங்குல நாற்காலி. முகாமுக்கு வந்த லாரியில் எல்லாமே அந்த அளவுதான். மாலை, துண்டு, போட்டோ எல்லாம் ஆயிற்று. வீட்டுக்குப் போனதும் அவன் ஒரு பக்கமாக விழ ஆரம்பித்தான். அவன் அம்மா பழைய சேலையைச் சுருட்டி ஒரு பக்கம் அடைத்தார். பிறகு தலையணை. இரண்டு வருஷத்தில் முதுகெலும்பு ஒரு பக்கம் வளைந்துவிட்டது. நாற்காலி வந்த நாளிலேயே என்னிடம் வந்திருந்தால் ஒரு ஒட்டுப்பலகை, ஒரு துண்டு ஃபோம், இரண்டு ஆணியில் முடிந்திருக்கும்.

2008இல் உலக சுகாதார நிறுவனம் சக்கர நாற்காலி கொடுப்பதற்கு எட்டுப் படி சொன்னது. பிள்ளையை அனுப்பி நாள் குறிப்பது, அளவெடுத்து ஆராய்வது, எது வேண்டுமென்று எழுதுவது, பணம் ஏற்பாடு செய்து வாங்குவது, நாற்காலியைத் தயார் செய்வது, உட்கார வைத்துப் பொருத்திப் பார்ப்பது, பயன்படுத்தக் கற்றுக்கொடுப்பது, பிறகு பழுது பார்த்துத் தொடர்ந்து கவனிப்பது. நம் முகாம்களில் பல நடுவில் ஒரே ஒரு படியை மட்டும் செய்துவிட்டு, மாலையோடு மேடையை விட்டு இறங்கிவிடுகின்றன. மீதி ஏழு படியையும் செய்ய வேண்டிய இடம் மையம். அதைச் செய்ய மையத்துக்கு ஒரு பட்டறை வேண்டும்.

என்னைக் கேட்டால் மையத்தின் இதயம் பிசியோ கூடம் அல்ல, பட்டறைதான். அங்கே தச்சர் ஒருவர், தையல் மிஷினோடு ஒருவர், முடிந்தால் வெல்டிங் தெரிந்தவர். கால் உறை செய்கிறவர் பிள்ளையின் காலில் மாக்கட்டுப் போட்டு அச்செடுத்து, பிளாஸ்டிக் தகட்டைச் சூடேற்றி, இளகியதும் அச்சின்மேல் போர்த்திச் செய்வார். பார்க்கவே அழகாக இருக்கும். ஆனால் பிள்ளை வளரும். ஆறு மாதம், மிஞ்சினால் ஒரு வருஷம், அந்த உறை சின்னதாகிவிடும். கடித்துப் புண்ணாகும். உடனே வீட்டில் கழற்றிப் பரணில் போட்டுவிடுவார்கள். ‘அம்மா ஒத்துழைப்பதில்லை’ என்று நம் கோப்பில் எழுதுவோம். ஒத்துழைக்காதது பிளாஸ்டிக்.

பட்டறை என்றதும் பயப்பட வேண்டாம். ஜிம்பாப்வேயில் பெவில் பேக்கர் என்பவர் பழைய அட்டையையும் செய்தித்தாளையும் மாவுப் பசையால் அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்து, பிள்ளைகளுக்கு நாற்காலி செய்யும் முறையை வளர்த்தார். ஆள் உட்காரத் தாங்கும். மெக்சிகோ மலைக்கிராமம் ஒன்றில் ஊனமுற்ற இளைஞர்களே நடத்திய பட்டறையில் கற்றதையெல்லாம் டேவிட் வெர்னர் 1987இல் பெரிய புத்தகமாகப் போட்டார். படம் போட்டு விளக்கிய புத்தகம், எங்கள் தலைமுறைக்கு அதுதான் வேதம். நம்மிடமும் என்ன குறை? நடைவண்டி நம் தச்சர்கள் செய்ததுதானே? அதில் கைப்பிடியை அகலமாக்கி, கீழே கொஞ்சம் கனம் கட்டினால் நல்ல வாக்கர். வீட்டு முற்றத்தில் சவுக்குக் கம்பு நான்கை நட்டு, குறுக்கே இரண்டு கட்டினால் இணைகம்பி. தூளி இல்லாத வீடு உண்டா? லட்சக்கணக்கில் கொடுத்துப் புலன் பயிற்சிக்கான ‘சென்சரி ரூம்’ அமைத்து, அதில் வெளிநாட்டு ஊஞ்சல் தொங்கவிட்டிருப்பார்கள். நான் போனபோது ஒரு இடத்தில் அது பூட்டியிருந்தது. சாவி அலுவலகத்தில், அலுவலர் கூட்டத்தில். வீட்டுத் தூளிக்குச் சாவி கிடையாது.

அடுத்தது கழிப்பறை. முகம் சுளிக்காமல் கேளுங்கள்.

எந்த மையத்துக்குப் போனாலும் முதலில் கழிப்பறையைத்தான் பார்ப்பேன். பிள்ளைகளுடையதை மட்டுமல்ல, காத்திருக்கும் தாய்மாருடையதையும். பதினோரு மணிக்கு வந்து மூன்று மணி வரை இருக்கும் ஒரு தாய், அங்கே கழிப்பறை சரியில்லை என்பதால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருவார். அந்த அம்மாவுக்கு நாம் ‘வீட்டுப் பயிற்சி’ சொல்லிக்கொடுக்கிறோம்.

சின்னப் பிள்ளைக்குப் பெரிய பிரச்சினை இல்லை, தூக்கிப் பிடிக்கலாம். பன்னிரண்டு வயதுப் பெண் முப்பது கிலோ இருப்பாள். அவளுக்கு உடை மாற்ற நம் மையங்கள் பலவற்றில் இருக்கும் இடம் கழிப்பறைத் தரை, ஈரத்தரை. அம்மா குனிந்து, அவளைத் தரையில் கிடத்தி, மாற்றி, மறுபடி தூக்க வேண்டும். நாற்பது வயதுக்குள் அந்த அம்மாவின் இடுப்பு போய்விடும். பிள்ளைக்கு மாதவிடாய் தொடங்கியபின் என்ன நிலைமை என்று உங்கள் யோசனைக்கு விடுகிறேன். பிரிட்டனில் 2006 வாக்கில் இதற்கென்றே ஓர் இயக்கம் தொடங்கி, பொதுக் கழிப்பறைகளில் பெரியவர் படுக்கும் அளவுக்கு மேசையும் தூக்கு கருவியும் வைக்கச் சொன்னார்கள். தூக்கு கருவிக்கு நாம் இப்போது போக வேண்டாம். இடுப்பு உயரத்தில் ஆறடி நீளச் சிமெண்ட் திண்ணை, மேலே கழுவக்கூடிய ரெக்சின் மெத்தை, ஒரு திரை, கைக்கு எட்டும் குழாய். ஒரு கொத்தனாருக்கு இரண்டு நாள் வேலை. ‘இன்னார் நினைவாக உடைமாற்றும் திண்ணை’ என்று கல் பதிக்க யாரும் முன்வர மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். முன்வந்தால் அவர்கள் காலில் விழுவேன்.

சாய்தளத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், ஆகவே ஒரே ஒரு கணக்கு. ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது விதி. வாசல் ஒன்றரை அடி உயரமென்றால் சாய்தளம் பதினெட்டு அடி நீளம் வேண்டும். பல இடங்களில் படிக்கட்டு அடைத்த நாலடிக்குள்ளேயே சிமெண்டைச் சாய்த்துப் பூசிவிட்டு, சாய்தளம் என்று புகைப்படம் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அதில் நாற்காலியை ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். இறக்கும்போது கடவுள் வேண்டும்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மையத்தில் சிமெண்ட் தரையை எடுத்துவிட்டு வழவழப்பான டைல்ஸ் போடச் சொல்லி வற்புறுத்தியவள் நான்தான். சுத்தம் செய்ய எளிது, பார்க்கப் பளிச்சென்று இருக்கும் என்று வாதாடினேன். ஐப்பசி மழையில் பிள்ளைகள் ஈரக் காலோடு வந்தார்கள். கைத்தடி ஊன்றி நடந்த ஒரு பையன் வழுக்கி விழுந்து முன்பல் போயிற்று. அதைவிட மோசம், அதன்பின் பல மாதம் அவன் நடக்கவே பயந்தான். சொரசொரப்பான பழைய தரை அசிங்கமாக இருந்தது, ஆனால் பிடிப்பு இருந்தது.

அந்த டைல்ஸ் இன்னொரு காரியத்தையும் செய்தது. ஓசையைப் பெருக்கியது. வழவழத்த தரை, வெற்றுச் சுவர், உயரமான தகரக் கூரை, நான்கு மின்விசிறி, ஒரே கூடத்தில் ஆறு தெரபிஸ்ட், பன்னிரண்டு பிள்ளைகள். இதில் மூளை முடக்குவாதப் பிள்ளை ஒவ்வொரு சத்தத்துக்கும் தூக்கிவாரிப்போட்டு விறைக்கும். அரை மணி நேரம் தளர்த்திய தசை ஒரு எவர்சில்வர் தட்டு விழுந்தால் மறுபடி இறுகிவிடும். ஆட்டிசப் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு மூலைக்குப் போகும். கண்சிமிட்டும் டியூப்லைட் ஒன்று போதும், அதன் பொழுது போய்விடும். நாம் ‘அடம் பிடிக்கிறான்’ என்போம். தடித்த பருத்தித் திரைச்சீலை, சுவரில் கோரைப்பாய், ஒரு சிறிய அமைதி அறை, பழைய டியூப்லைட்டை மாற்றுவது. இவற்றுக்கும் கல்வெட்டு கிடையாது. ஆண்டுவிழாவுக்கு ஒலிபெருக்கி வைக்காமல் இருப்பதற்குச் செலவே கிடையாது.

நல்ல மையங்களே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கின்றன. அவற்றைத் தொடங்கியவர்கள் யார் என்று பார்த்தால் எனக்கு ஓர் ஒற்றுமை தெரிகிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் ஒரு வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, அந்தத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல் வேலூர்ப் பாகாயத்தில் உள்நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் வந்தது. தலைவரே சக்கர நாற்காலியில் வரும் இடத்தில் வாசல்படியைப் பற்றி யார் மனுக் கொடுக்க வேண்டும்? தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன், பொறியியல் மாணவராக இருந்தபோது 1975இல் கடற்படைத் தேர்வின் உடல்திறன் சோதனையில் விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர். தமக்குச் சிகிச்சை அளித்த அமர்ஜித் சிங் சாஹல் என்ற ராணுவ மருத்துவரின் பெயரைச் சேர்த்து 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். மும்பையில் 1972இல் மிது ஆலூர், சென்னையில் 1985இல் பூனம் நடராஜன்: இருவரும் மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளையைப் பெற்ற தாய்மார்கள். பயன்படுத்துகிறவர் அல்லது தூக்கிச் சுமக்கிறவர் திட்டம் போட்ட இடங்கள் இவை. உங்கள் மையத்தின் கட்டடக் குழுவில் இப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று வீட்டுக்குப் போய் எண்ணிப் பாருங்கள். பொறியாளர் இருப்பார், ஆடிட்டர் இருப்பார், ரோட்டரிக்காரர் இருப்பார்.

ஆய்க்குடியைச் சொன்னதால் இன்னொன்று. அமர் சேவா சங்கத்தார், பிள்ளைகள் மையத்துக்கு வரக் காத்திருக்காமல், ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். முதல் சில வருஷங்களில்தான் மூளை அதிகம் வளைந்துகொடுக்கும். அந்த வயதில் பிள்ளை வீட்டில்தான் இருக்கும். தாய் என்ன செய்வார்? பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, நாற்பது நிமிஷப் பயிற்சிக்காக ஒரு நாள் கூலியை விட வேண்டும். வாரம் இரண்டு முறை என்று நாம் எழுதிக்கொடுப்போம். அவர் மாதம் ஒரு முறை வருவார், பிறகு வரமாட்டார். அவர் வராததை நாம் வருகைப்பதிவேட்டில் பார்க்கிறோம். அவர் ஊர் பஸ் நிறுத்தத்தில் நின்று பார்த்தால் காரணம் தெரியும்: நடத்துநர் சக்கர நாற்காலியைப் பார்த்ததும் விசில் ஊதிவிடுவார். மையத்துக்கு ஒரு மாடி கூடுதலாகக் கட்டுவதைவிட, ஒரு வேனும் அதற்கு ஓட்டுநர் சம்பளமும் டீசலும் பெரிய வசதி. அதிலும் வேன் எளிதாகக் கிடைத்துவிடும், முதுகில் பெயர் எழுதலாம் இல்லையா. டீசலுக்குத்தான் அலைய வேண்டும். நின்றுபோன வேன்கள் எத்தனையோ மையத்து மரத்தடிகளில் நிற்கின்றன. கோழி அடைகாக்கிறது.

சட்டத்தைப் பற்றி இரண்டே வரி. 2016 சட்டப்படி பழைய பொதுக்கட்டடங்கள் எல்லாம் விதிகள் வந்த ஐந்து ஆண்டுக்குள் எல்லோரும் புழங்கத்தக்கதாக மாற வேண்டும். விதிகள் 2017 ஜூனில் வந்தன. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், வெறும் பரிந்துரையாக இருக்கும் அளவுகோல்கள் போதாது, கட்டாயமான விதிகளை வகுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. நல்லது. ஆனால் நாலடி உயரத்துக் குழாயைக் குழந்தையின் கை உயரத்துக்கு இறக்க நமக்கு உச்ச நீதிமன்றம் தேவையில்லை. ஒரு பிளம்பர் போதும்.

இனிப் பணம். அறக்கட்டளைப் பொறுப்பாளர்கள் இங்கே இருப்பதால் துணிந்து கேட்கிறேன். அறக்கட்டளை என்ற அமைப்பு நம் ‘சாவா மூவாப் பேராடு’தான். முதல் கரையாது, வட்டி வருஷா வருஷம் வரும். அந்த வட்டியில் நீங்கள் என்னைப் போன்றவர்களை அழைத்து, பொன்னாடை போர்த்தி, பேச வைக்கிறீர்கள். எனக்கு மகிழ்ச்சிதான், பொன்னாடை நன்றாகவே இருக்கிறது. அதே ஏற்பாட்டை ஒரு பட்டறைக்கும் செய்யலாம்.

பத்து லட்சம் ரூபாயை வைப்பில் போட்டு ஏழு சதவீதம் வட்டி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 70,000. வாரத்துக்கு 1,346 ரூபாய். வாரத்தில் ஒரு நாள் ஒரு தச்சருக்குக் கூலியும், மிச்சத்தில் கொஞ்சம் ஃபோமும் வெல்க்ரோவும். அவ்வளவுதான் வரும், அது போதும். அந்த ஒரு நாளில் தச்சர் பெரிதாக ஒன்றும் செய்யப்போவதில்லை. ஒரு நாற்காலியின் பாதக்கட்டையை அரை அங்குலம் இறக்குவார், ஏனென்றால் போன மாதத்திலிருந்து அந்தப் பிள்ளையின் கால் நீண்டுவிட்டது. ஒரு தட்டுப் பலகையின் விளிம்பில் சட்டம் அடிப்பார், கிண்ணம் நழுவி விழாமல் இருக்க. தளர்ந்த திருகை முடுக்குவார். மத்தியானம் டீ குடிப்பார். அடுத்த வாரம் மறுபடி வருவார், அதற்கடுத்த வாரமும் வருவார்.

எந்தக் கிழமை என்பதை மட்டும் குழுவில் உட்கார்ந்து முடிவு செய்துவிடாதீர்கள். பின்வரிசையில் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மாக்களைக் கேளுங்கள். புதன்கிழமை வேண்டாம் என்று சொல்வார்கள். அன்று சந்தை, பஸ்ஸில் பிள்ளையோடு ஏற முடியாது.